வேதாளத்துக்கு முகம் கொடுத்த கை

பயங்கரப் படம் பார்த்தால் பிள்ளை கெட்டுப் போகுமா?

பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது. பேய்ப் படம் போட்ட புத்தகத்தைப் பையன் கையில் பார்த்ததும் அம்மா பிடுங்கி வைக்கிறாள். "ராத்திரி தூக்கத்திலே அலறப் போறே!" என்று அதட்டுகிறாள். பையன் என்ன செய்கிறான்? அம்மா அடுப்படிக்குப் போனதும் மறுபடியும் எடுத்துப் பார்க்கிறான். அதோடு நிற்பதில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதே பேயை வரைந்தும் பார்க்கிறான்!

அம்மாவின் கண்ணில் படுவது பேய். பையனின் கண்ணில் படுவதோ, அந்தப் பேயை வரைந்த கை.

இந்த வித்தியாசம் சிறியதல்ல. ஒரு பிள்ளை ஓவியன் ஆவதும், ஆகாமல் போவதும் சில சமயம் இதில்தான் இருக்கிறது.

எலும்புக்கூடு நிற்கும் வாசல்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த மீனவர் ஊர். ஒரு பக்கம் வங்கக் கடல். மறு பக்கம் பெரிய ஏரி. கடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலக்கும் உவர் ஏரி. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி பெரியது இதுதான்.

இறாலும் நண்டும் மீனும் இந்த ஏரி கொடுக்கும் செல்வம். குளிர் காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்கு இங்கே மீனவர்களே வகுத்த முறை உண்டு. அதற்குப் 'பாடு' என்று பெயர். சண்டை வராமல் முறை வைத்துப் பிழைக்கும் நல்ல வழக்கம் அது.

400 ஆண்டுகளுக்கு முன்பு இங்கே டச்சுக்காரர்கள் வந்தார்கள். துணி வியாபாரம் செய்தார்கள். 1613-ஆம் ஆண்டில் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இன்று இடிந்து கிடக்கிறது. ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை அதைப் பாதுகாத்து வருகிறது.

அந்தத் தோட்டத்தின் வாசலில் நிற்பவர்கள் யார் தெரியுமா?

எலும்புக்கூடுகள்! கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள்!

கூடவே மணல் கடிகாரமும் செதுக்கப்பட்டிருக்கிறது. மணல் மேலிருந்து கீழே சொட்டுவது போல மனிதனின் ஆயுளும் கரைகிறது என்பது அதன் பொருள். "வாழ்வு நிலையில்லாதது. நல்லபடியாக நடந்துகொள்" என்று சொல்வதற்கு, அந்தக் காலத்துச் சிற்பி பயங்கர உருவத்தைத் தேர்ந்தெடுத்தான். புத்திமதியை எழுத்தில் வெட்டியிருந்தால் எத்தனை பேர் நின்று படிப்பார்கள்? எலும்புக்கூட்டைச் செதுக்கினான், இன்றும் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள்.

பயங்கரச் சித்திரத்தின் பலம் இதுதான். அது ஆளை நிறுத்தி வைக்கும். நின்றவனை யோசிக்க வைக்கும்.

தமிழ்நாட்டில் இந்த வித்தையைக் காகிதத்தில் செய்து காட்டிய பெரிய ஓவியர் ஒருவர் இருந்தார். லட்சக் கணக்கான பிள்ளைகள் அவருடைய படத்தைப் பார்த்துப் பயந்தார்கள். பிறகு பென்சிலை எடுத்தார்கள்.

அவர்தான் 'அம்புலிமாமா' சங்கர்.

தாராபுரத்துப் பையன்

அவருடைய முழுப் பெயர் கே. சி. சிவசங்கரன். தாராபுரம் பக்கத்தில் காரத்தொழுவு என்ற கிராமத்தில் 1924-ஆம் ஆண்டு பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூட ஆசிரியர். பையன் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் சென்னைக்கு வந்துவிட்டது.

முத்தியாலுப்பேட்டைப் பள்ளியில் படித்தபோது, அங்கே இருந்த ஓவிய ஆசிரியர் பையனின் கையைக் கவனித்தார். 'இவன் பி.ஏ., எம்.ஏ. என்று போக வேண்டாம். ஓவியப் பள்ளிக்குப் போக வேண்டும்' என்று வழி காட்டினார். அந்த ஒரு வார்த்தை பையனின் தலையெழுத்தை மாற்றியது.

சென்னை ஓவியப் பள்ளிக்கு அப்போது தலைவராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. மெரினா கடற்கரையில் நாலு தொழிலாளிகள் பாறையை நெம்பி நகர்த்தும் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, அதைச் செய்தவர் அவர்தான். அந்தப் பட்டறையில் பாடம் கற்றார் சங்கர். படிப்பு முடிந்ததும் 'கலைமகள்' பத்திரிகையில் வேலை பார்த்தார். 1952-ஆம் ஆண்டில் 'அம்புலிமாமா'வுக்கு வந்து சேர்ந்தார்.

நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கிய குழந்தைப் பத்திரிகை அது. தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா'. பிறகு பல இந்திய மொழிகளில் வந்தது. 'பாதாள பைரவி', 'மாயா பஜார்' படங்களைத் தயாரித்தவர்களும் இவர்களே. ஆகவே பூதமும் மாயமும் அந்த வீட்டுக்குப் புதிதல்ல.

சங்கர் அங்கே சுமார் 60 ஆண்டுகள் படம் வரைந்தார். ஒரே பத்திரிகைக்கு, ஒரே மேஜையில், ஒரு மனித ஆயுள்!

தோளில் பிணம், கையில் வாள்

விக்கிரமாதித்தன் வேதாளம் கதை எல்லாருக்கும் தெரியும். ராஜா முருங்கை மரத்தில் ஏறிப் பிணத்தை இறக்குகிறான். தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்கிறது. முடிவில் ஒரு கேள்வி போடுகிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை வெடித்துவிடும். வாயைத் திறந்து சொன்னாலோ, மௌனம் கலைந்துவிடும். வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிடும்!

இந்தக் கதை மிகப் பழையது. 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துப் புலவர் சோமதேவர் எழுதிய 'கதாசரித்சாகரம்' என்ற வடமொழி நூலில் 25 வேதாளக் கதைகள் இருக்கின்றன. அந்த 25 கதைகளும் தீர்ந்த பிறகும் அம்புலிமாமா நிறுத்தவில்லை. புதிது புதிதாகக் கதை எழுதி வேதாளத்தின் வாயில் போட்டார்கள். மாதா மாதம், வருஷக் கணக்காக, வேதாளம் பேசியது.

அந்த வேதாளத்துக்கு முகம் கொடுத்தவர் சங்கர்.

நடு இரவு. சுடுகாடு. மண்டை ஓடுகள் சிதறிக் கிடக்கின்றன. இலை உதிர்ந்த மரங்கள் கை விரித்து நிற்கின்றன. அந்த நடுவில் ராஜா நடந்து வருகிறான். கையில் உருவிய வாள். தோளில் வேதாளம்.

இவ்வளவும் பயங்கரம்தான். ஆனால் ராஜாவின் காலைப் பாருங்கள்! அந்தக் கால் தயங்கவில்லை. அடுத்த அடி எடுத்து வைத்துவிட்டது. முகத்தில் நடுக்கம் இல்லை. பயம் முழுவதையும் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஒரு மனிதன் நடக்கிறான். படத்தைப் பார்க்கும் பிள்ளை முதலில் வேதாளத்தைப் பார்த்துப் பயப்படுகிறது. பிறகு ராஜாவைப் பார்த்துத் தைரியம் கொள்கிறது. இரண்டையும் ஒரே படத்தில் வைத்ததுதான் சங்கரின் கெட்டிக்காரத்தனம்.

இன்னொன்று. அவர் பேயை மட்டும் வரையவில்லை. ராஜாவின் காப்பு, வாளின் பிடி, மரத்தின் பட்டை, புல்லின் நுனி எல்லாவற்றையும் பொறுமையாக வரைந்தார். சுற்றியிருக்கும் பொருள்கள் நிஜம் போல இருந்தால், நடுவில் இருக்கும் பேயும் நிஜம் போலத் தெரியும். வெறும் கோரப் பல்லை வரைவது சுலபம். கோரப் பல்லுக்குப் பின்னால் நிற்கும் ஒரு சாதாரண மரத்தை வரைவதில்தான் ஓவியனின் உழைப்பு தெரியும்.

பேய்ப் படத்தைப் பார்த்து வரைய முயலும் பிள்ளைக்கு இந்தப் பாடம் தானாகக் கிடைக்கிறது. மண்டை ஓட்டை வரைய முயன்றால் மனித முகத்தின் எலும்பு புரியும். இருட்டை வரைய முயன்றால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். சங்கரைப் பார்த்து வரைந்த பிள்ளைகள் அறியாமலே ஓவியப் பள்ளிப் பாடம் படித்தார்கள்.

'அம்புலிமாமா' 2013-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. சங்கர் 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி காலமானார். 2021-ஆம் ஆண்டில், அவர் மறைந்த பிறகு, அரசாங்கம் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் அவருக்கு விருது கொடுத்துவிட்டன!

அமெரிக்கா போட்ட பூட்டு

பயங்கரப் படத்தைக் கண்டு பெரியவர்கள் பயப்படுவது தமிழ்நாட்டில் மட்டும் நடப்பதல்ல. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இது பெரிய அமளி ஆயிற்று. படக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று மனநல மருத்துவர் பிரெடரிக் வெர்தாம் ஒரு புத்தகமே எழுதினார். செனட் சபைக் குழு விசாரணை நடத்தியது. கடைசியில் பதிப்பாளர்கள் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். பயங்கரக் கதைப் பத்திரிகைகள் மூடப்பட்டன. மறு வருஷம் இங்கிலாந்தில் சட்டமே வந்தது.

மூடிய பத்திரிகைகளில் படம் போட்டவர்களில் ஒருவர் கிரகாம் இங்கல்ஸ். அழுகிப் போன உடம்பையும் பாழடைந்த வீட்டையும் வரைவதில் மன்னர். பத்திரிகை போயிற்று. ஆனால் படம் போகவில்லை. பழைய பிரதிகள் கைக்குக் கை மாறின.

பால்டிமோர் நகரத்துப் பையன் பெர்னி ரைட்சன் அந்தப் படங்களில் மனதைப் பறிகொடுத்தான். பெரியவனானதும் அவனே புகழ் பெற்ற பயங்கரச் சித்திரக்காரன் ஆனான். 'பிராங்கன்ஸ்டைன்' கதைக்குச் சுமார் 50 படங்கள் வரைய அவன் எடுத்துக்கொண்ட காலம் 7 ஆண்டுகள்! யாரும் கூலி கொடுத்து ஏவவில்லை. ஆசைக்காக வரைந்தான். 1983-ஆம் ஆண்டில் புத்தகம் வந்தது.

பூட்டுப் போட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. அந்தப் பத்திரிகைகளில் அருவருப்பான சரக்கும் இருந்தது உண்மை. ஆனால் குப்பையோடு மணியையும் சேர்த்து வெளியே கொட்டினார்கள். அதுதான் பிசகு.

இன்னொரு ஏரிக் கரை

ஜப்பான் தேசத்தில் சக்காய்மினாத்தோ என்ற ஊர் இருக்கிறது. அதன் அமைப்பைக் கேட்டால் பழவேற்காட்டுக்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். நீண்ட மணல் திட்டின் முனையில் ஊர். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் உவர் ஏரி. தொழில் மீன் பிடிப்பு. நண்டுக்குப் பேர் போன துறைமுகம்!

அந்த ஊரில் வளர்ந்தவர்தான் சிகேரு மிசுக்கி. 1922-ஆம் ஆண்டு பிறந்தவர். அக்கம்பக்கத்து ஏழைக் கிழவி ஒருத்தி சிறுவன் மிசுக்கிக்குப் பேய்க் கதை சொல்லி வளர்த்தாள். வீட்டுக் கூரையில் கறை தெரிந்தால், 'ராத்திரி கூரை நக்கிப் பேய் வந்து நக்கிவிட்டுப் போயிருக்கிறது' என்பாள். சிறுவன் வாயைப் பிளந்து கேட்பான். தமிழ்நாட்டு ஆயா சொல்லும் கொள்ளிவாய்ப் பிசாசுக்கும் அந்தக் கூரை நக்கிக்கும் நெருங்கிய உறவு இருக்கும் போலிருக்கிறது!

பிறகு உலக யுத்தம் வந்தது. மிசுக்கியைச் சிப்பாயாகப் பிடித்து, தெற்கே நியூ பிரிட்டன் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே குண்டு வீச்சில் இடது கை போயிற்று.

ஒரு கையோடு ஊர் திரும்பியவர் என்ன செய்தார்? எஞ்சிய வலது கையால் படம் வரைந்தார். அந்தக் காலத்தில் ஜப்பானில் சைக்கிளில் வந்து, தெருவில் பிள்ளைகளைக் கூட்டி, படம் காட்டிக் கதை சொல்லும் தொழில் இருந்தது. அதற்குப் படம் எழுதிக் கொடுத்துப் பிழைத்தார். அந்தத் தொழிலிலேயே பழைய கதை ஒன்று இருந்தது. கல்லறையில் பிறந்த சிறுவனின் கதை. அதை எடுத்து, 1960-ஆம் ஆண்டு முதல் தம் பாணியில் படக்கதையாக வரைந்தார். சிறுவனின் பெயர் கித்தாரோ. அவனுக்கு ஒரே கண். அவனுடைய அப்பாவோ வெறும் கண் விழி. அதற்குக் கை கால் முளைத்திருக்கும்! கல்லறையில் பிறந்தாலும் கித்தாரோ மனிதர்களுக்கு உதவி செய்பவன். 1968-ஆம் ஆண்டில் அது டெலிவிஷனுக்கும் வந்தது. ஜப்பான் முழுவதும் பிள்ளைகள் மயங்கினார்கள்.

பேயை வரைந்த அதே கை, 1973-ஆம் ஆண்டில் யுத்தத்தையும் வரைந்தது. தம்மோடு இருந்த சிப்பாய்கள் வீணாகச் செத்த கதையை மிசுக்கி படக்கதையாக்கினார். பேய்ப் படத்தில் சிரிப்பு உண்டு. யுத்தப் படத்தில் அது நெஞ்சை அடைக்கிறது. எது நிஜமான பயங்கரம் என்பதை ஊருக்குச் சொல்ல அவருக்குப் பேய்கள்தான் கை பழக்கிக் கொடுத்தன.

கதை சொன்ன கிழவியையும் அவர் மறக்கவில்லை. அவளைப் பற்றியே ஒரு படக்கதை வரைந்தார். 2007-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து அங்குலேம் படக்கதை விழாவில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. எழுதப் பத்திரிகை இல்லாத ஒரு கிழவியின் கதை, கடல் கடந்து பரிசு வாங்கியது! மிசுக்கி 2015-ஆம் ஆண்டில் 93-வது வயதில் காலமானார்.

அவருடைய ஊர் என்ன ஆயிற்று? கடைத் தெரு களையிழந்து கிடந்தது. 1993-ஆம் ஆண்டில் மிசுக்கி வரைந்த பேய்களுக்கு வெண்கலச் சிலை செய்து தெருவோரம் வைத்தார்கள். முதலில் 23 சிலைகள். பிறகு அவை 177 ஆகப் பெருகின. ரயில் பெட்டியில் பேய்ப் படம். விமான நிலையத்துக்குக் கித்தாரோ பெயர். 2010-ஆம் ஆண்டில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தெருவைப் பார்க்க வந்தார்கள். ஆயா சொன்ன பேய்கள் ஊருக்கே சோறு போட்டன!

பழவேற்காட்டில் இல்லாததா?

பழவேற்காட்டில் வேதாளத்துக்குச் சிலை வைக்க வேண்டும் என்பதல்ல வாதம். சிலை பிறகு வரட்டும். முதலில் பென்சில் வரட்டும்.

ஓவியனுக்கு வேண்டிய சரக்கு இங்கே குவிந்து கிடக்கிறது. கல்லறை வாசலில் எலும்புக்கூடு நிற்கிறது. அலை அடங்கிய இரவில் ஏரி கறுத்துக் கிடக்கிறது. படகில் போன அப்பா திரும்பும் வரை கரையில் காத்திருக்கும் வீடு இருக்கிறது. புயல் சின்னம் என்று ரேடியோ சொன்னதும் ஊரே வானத்தைப் பார்க்கும் முகம் இருக்கிறது. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் மணல் மூடினால் பிழைப்பு என்ன ஆகும் என்ற பயம் இருக்கிறது.

மீனவர் வீட்டுப் பிள்ளைக்குப் பயம் புத்தகத்திலிருந்து வருவதில்லை. அது வாசலிலேயே இருக்கிறது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி அது வாசலையும் தாண்டி வந்தது. சுனாமி அடித்த கரைகளில், முகாமில் தங்கிய பிள்ளைகளுக்குப் பல இடங்களில் தாளும் வண்ணமும் கொடுத்தார்கள். பிள்ளைகள் எதை வரைந்தார்கள்? பூவையும் கிளியையும் மட்டுமா? இல்லை. தென்னை மரத்துக்கு மேலே எழும்பிய அலையைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள்.

வாயால் சொல்ல முடியாததைக் கை சொல்லியது. தாளில் இறங்கிய அலை நாலு மூலைக்குள் அடங்கியது. அதைப் பார்க்கலாம்; மடிக்கலாம்; பெட்டியில் வைக்கலாம். மனதுக்குள் இருந்த அலையை அப்படிச் செய்ய முடியாது.

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது பழமொழி. உண்மைதான். ஆனால் பேயை உட்கார்ந்து வரைகிறவன் அரண்டவன் அல்ல. அவன் கண்ணை மூடவில்லை. பேய்க்கு எத்தனை விரல் என்று எண்ணுகிறவன் அவன்!

எல்லாப் பயமும் ஒன்றல்ல

இதனால் எந்தப் பயங்கரத்தையும் பிள்ளை பார்க்கலாம் என்று அர்த்தமில்லை.

இன்று செல்போனில் திடீரென்று கோர முகம் பாய்ந்து வருகிறது. பிள்ளை அதிர்ந்து போகிறது. அடுத்த நிமிஷம் இன்னொன்று வருகிறது. யோசிக்க நேரமில்லை. அங்கே பிள்ளைக்குக் கிடைப்பது அதிர்ச்சி மட்டும். ரத்தத்தைக் காட்டிக் காசு பார்ப்பதும், துன்பப்படும் மனிதனைக் காட்டிச் சிரிக்க வைப்பதும் கலையல்ல. அவற்றைத் தள்ளி வைக்கத்தான் வேண்டும்.

நல்ல பயங்கரச் சித்திரம் பிள்ளையின் நேரத்தில் நடக்கிறது. வேண்டும் மட்டும் பார்க்கலாம். பயமாக இருந்தால் பக்கத்தை மூடலாம். தைரியம் வந்தால் மறுபடியும் திறக்கலாம். அதற்குள் ஒரு கதை இருக்கிறது. ஒரு நியாயம் இருக்கிறது. பயத்தோடு நடந்து போகும் ஒரு மனிதன் இருக்கிறான். பார்த்து முடித்ததும் 'நானும் வரைகிறேன்' என்று பிள்ளை சொன்னால் அது நல்ல படம். 'இன்னொன்று காட்டு' என்று மட்டும் சொன்னால் யோசிக்க வேண்டிய படம். பெற்றோர் நினைவில் வைக்கச் சுலபமான அளவுகோல் இது.

தூக்கம் கெடும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. சில பிள்ளைகளுக்குப் பயம் சீக்கிரம் பிடிக்கும். அவர்களுக்குப் பேய் காத்திருக்கட்டும். அதற்கு வயசாவதில்லை!

செய்ய வேண்டியது என்ன?

சங்கரின் கதையில் வேதாளத்துக்கு முன்னால் ஓர் ஓவிய ஆசிரியர் வருகிறார். மிசுக்கியின் கதையில் கித்தாரோவுக்கு முன்னால் ஒரு கிழவி வருகிறாள். இந்த இரண்டு பேரும் இல்லையென்றால் அந்த இரண்டு ஓவியர்களும் இல்லை.

இன்று பல பள்ளிகளில் ஓவிய வகுப்பு வந்தால், பரீட்சைக்கு ஆகும் பாடம் அந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறது. ஊர்ப்புறப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் இருப்பதே அபூர்வம். ஏரிக் கரை ஊர்களில் ஆயாக்கள் இருக்கிறார்கள், கதைகள் இருக்கின்றன, கேட்கும் காதுகள் குறைந்து வருகின்றன. ஓர் ஆயா கண்ணை மூடும்போது, எத்தனை பேய்கள் முகம் கிடைக்காமலே மறைகின்றன!

இது தடுக்கக்கூடிய நஷ்டம். பெரிய செலவும் ஆகாது. வாரத்தில் ஒரு மணி நேரம் ஓவிய வகுப்பு நிஜமாகவே ஓவிய வகுப்பாக நடக்க வேண்டும். ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய், அந்த எலும்புக்கூட்டைப் பார்த்து வரையச் சொல்லலாம். ஊர்ச் சரித்திரமும் வரும். கைப் பழக்கமும் வரும். ஆயா கதை சொல்ல, பேரன் படம் போட, பேத்தி இரண்டு வரி எழுதட்டும். புதிதாக எழுத்துக் கற்ற அம்மா அதைப் படித்துப் பார்க்கட்டும். ஒரு வீட்டுக்கு ஒரு படக்கதை தயார்!

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேயைப் பார்த்தால் உடனே கையை ஓங்காதீர்கள். "இது யாருடா? இதுக்கு ஏன் ஒரு கண்ணு?" என்று கேளுங்கள். பையன் சொல்லும் கதையைக் காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு கடைத் தெருவுக்குப் போகும்போது கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கி வாருங்கள்.

கணக்கும் நன்றாக நடக்கும். பேய்க்கும் இடம் கிடைக்கும்.